எழுதியவர் அறியப்படவில்லை

அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பில் 'இல்லத்தரசி' என்று அண்ணன் ஜெர்சன் எழுதியிருந்ததை, தாள் கிழியும்படி அடித்தாள் அபிகாயில்.

"மூணு மணிக்கு எடுக்கணும் அபி. இப்பப் போயி என்ன எழுதிட்டிருக்க?" என்றான் அவன்.

"அம்மா பாத்த வேலைய எழுதுறேன்."

பொழிச்சலூர் வீட்டுக் கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அம்மா சாராள் படுத்திருந்தாள். முப்பது வருஷம் பம்மல், பல்லாவரம், தாம்பரம் கடைகளுக்கு விளம்பரப் பாட்டு எழுதிக் கொடுத்தவள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போனாலும் சரி, பஸ் முதுகில் ஒட்டினாலும் சரி, வரி அவளுடையது. வெளியே மூச்சு விட்டதில்லை.

பெட்டியின் தலைமாட்டில் பேராசிரியர் ஆஸ்டின் கைகட்டி நின்றார். அம்மாவின் சர்ச் சபைக்காரர். இரண்டு வருஷம் இந்த வீட்டுக்கு வந்து, அம்மா சுட்ட பஜ்ஜியைத் தின்றுகொண்டே அவள் நோட்டுகளைப் பார்த்து எழுதிப் போனார். விளம்பரக் கவிதை ஆராய்ச்சிக்காகப் போன மாதம் அவருக்கு விருது. புத்தகத்தில் அம்மாவின் பாட்டு நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் கீழும் 'எழுதியவர் அறியப்படவில்லை'. அம்மா கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். "பைண்டிங் நல்லா பண்ணியிருக்காங்க" என்றாள். அதற்கப்புறம் நோட்டைத் தொடவேயில்லை.

அபிகாயில் நேரே அவரிடம் போனாள். "எங்கம்மா பேரு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"அவங்களேதாம்மா பேர் வேணாம்னாங்க."

"எப்போ?"

ஆஸ்டின் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். "ஒரு தடவ... நீ ஆபீஸ் போயிருந்த."

அபிகாயிலுக்குக் காது மடல் எரிந்தது. இனி அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது என்கிற தைரியம்!

ஜெபம் முடிந்தது. "வாழ்க்கைக் குறிப்பு யாரு வாசிக்கிறீங்க?" என்றார் போதகர்.

"ஆஸ்டின் சார் வாசிப்பாரு பாஸ்டர்."

ஆஸ்டின் வாய் திறக்குமுன் அபிகாயில் தாளை அவர் கையில் திணித்தாள். கூடம் முழுக்க அவரையே பார்த்தது. பிறப்பு, திருமணம், பிள்ளைகள் வரை மேடைக் குரல்தான். அப்புறம் இறங்கியது.

"தாம்பரம் குடைக் கடை. 'வெயிலுக்கு விரி, மழைக்கு விரி, மாமியார் வந்தா மட்டும் மடக்கிக்கோ.' எழுதியவர்..." தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "சாராள் ஞானையா."

"இன்னாது! அந்தக் குடைப் பாட்டு நம்ம சாராக்கா எழுதினதா?" பக்கத்து வீட்டுக் கங்கம்மா எழுந்தே விட்டாள். "இத்தினி வருசமா ஒட்டினாப்ல வூட்ல கீறேன், ஒரு வார்த்த சொல்லல பாரேன்!" சிரித்தாள்; அப்படியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பம்மல் சோப்புக் கம்பெனி. 'வேட்டி வெளுக்கும், விரல் எரியாது.' எழுதியவர்..."

விமானம் ஒன்று கூரையை உரசுகிற மாதிரி இறங்கிப் போனது.

"கேக்கல சார். மறுபடி வாசிங்க."

"அபி, போதும்" என்றான் ஜெர்சன்.

"சாராள் ஞானையா" என்றார் ஆஸ்டின்.

பத்துப் பன்னிரண்டு பாட்டு ஆனது. அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. கடைசி வரியை அவசரமாக முடித்துத் தாளை மடிக்கப் போனார்.

"பின்பக்கமும் இருக்கு சார்."

வாசலில், கிளப்பி வைத்திருந்த இன்ஜினை அணைத்துவிட்டு, அமரர் ஊர்தி டிரைவர் படியில் உட்கார்ந்தார்.