கேக்கல

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் நினைத்ததே இல்லை. பள்ளிநாளில் கட்டுரைகள் எழுதியதோடு சரி. ஆகவே இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொற்கள் எங்கேனும் விறைப்பாக நின்றால் அது என் பழக்கக் குறைவே. பெருநகரத்தில் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கும் யாரேனும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, முன்பணத்தை நீட்டும் கையை ஒரு நாள் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் அதுவே எனக்குப் போதும்.

மாலை ஏழரை மணி ரயிலில் லென்ஸ்காரர் எப்போதும் நின்றுகொண்டுதான் பயணம் செய்வார். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் அமர்ந்து, லென்ஸின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவருடைய வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அணிபவருக்குத் தலை சுற்றிவிடும். அவர் கையில் பிசகு நேர்ந்ததில்லை. எதையும் அளந்து பார்க்காமல் தொடமாட்டார் என்று பெயர் எடுத்த அம்மனிதர், தம் வாழ்வில் ஒரே ஒரு தூரத்தை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டார்.

"என்ன லென்ஸ், நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிக்கிறீங்க? எடம் இருக்குல்ல, உக்காருங்க" என்றார் ஜன்னலார். எத்தனை கூட்டம் இருந்தாலும் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துவிடும் மருந்துக் கடைக்காரருக்கு அந்தப் பெட்டியில் அதுதான் பெயர்.

"உக்காந்தா கண்ணச் சொருகிடுதுங்க. பொண்ணுகிட்டப் பேசணும்."

"பேசுங்க, பேசுங்க. நேத்து நீங்க போட்ட சத்தத்துல, உங்க பொண்ணுக்குப் பதிலா நானே பதில் சொல்லிடலாமான்னு பாத்தேன்."

லென்ஸ்காரர் சிரித்துக்கொண்டே கைப்பேசியைக் காதில் வைத்தார். மறுமுனையில் மனைவியின் குரல், "இந்தா குட்டிமா, அப்பா பேசறாங்க பாரு" என்றது. பிறகு மூச்சுக் காற்று. பிறகு ஏதோ ஒரு சிறு ஒலி, ஒரு சொல்லின் விளிம்பு போல. அந்நேரம் பார்த்து ரயில் இரும்புப் பாலத்தின் மேல் ஏறிற்று.

"கேக்கலடா செல்லம். கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லு... கேக்கல."

பாலம் முடியும்போது சுரங்கப் பாதை தொடங்கும். அதற்குள் இணைப்பு அறுந்துவிடும். அது மீண்டும் கிடைப்பதற்குள் குழந்தைக்குத் தூக்க நேரம் வந்துவிடும். வீடியோவிலும் முயன்று பார்த்தார்கள். வாயைப் பாதி திறந்தபடி அவர் முகம் திரையில் உறைந்து நின்றது. குழந்தை அதைக் கண்டு மிரண்டு அழுததால் அதை விட்டுவிட்டார்கள்.

அவருடைய ஏக்கமெல்லாம் ஒரே ஒரு சொல்லின் மீதுதான். இந்த நகரத்துக்கு வருமுன், இரண்டரை வயதான குட்டிமாவுக்கு மூன்றே சொற்கள் இருந்தன: மா, தா, போ. காதில் குறையில்லை, பேச்சுதான் தாமதம், பயிற்சி கொடுத்தால் வந்துவிடும் என்றார் மருத்துவர். அவர்கள் முன்பு இருந்த சிற்றூரில், மாலை ஐந்தரைக்கெல்லாம் லென்ஸ்காரர் வீட்டில் இருப்பார். லென்ஸ் பொருத்தாத வெற்றுச் சட்டம் ஒன்றை மாட்டிக்கொண்டு மகளின் முன் அமர்வார். அவள் அந்த ஓட்டை வழியே விரலை விட்டு அவர் இமையைத் தொடுவாள். "அப்பா சொல்லு. அப்...பா" என்பார். அவள் உதடுகளைக் குவித்து ஒட்டவைத்து, கன்னம் உப்ப, அந்த இடம்வரை வந்து நின்றுவிடுவாள். இன்னும் ஒரு மூச்சுதான் தேவை என்று அவருக்குத் தோன்றும்.

பேச்சுப் பயிற்சி தருபவர் பெருநகரத்தில் இருந்தார். கடையின் தலைமைக் கிளையும் அங்கேயே இருந்ததால், கேட்டதும் மாற்றல் கிடைத்தது. குழந்தையின் பேச்சுக்காகவே அவர்கள் ஊர் மாறினார்கள் என்பதை வாசகர்கள் தயைகூர்ந்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கடையிலிருந்து பத்து நிமிட நடையில், சலவைக் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை வீடு இருந்தது. மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்க திரும்பினா இடிக்குது, நிமிந்தா தட்டுது. புள்ள எங்கங்க ஓடும்? கீழ வேற எந்நேரமும் ஆவி வருது. நம்மளையும் சேத்து இஸ்திரி போட்டுடுவாங்க போல."

அதே வாடகைக்கு நகரின் வெளி விளிம்பில் மூன்று அறைகள், ஒரு பால்கனி, இரண்டு பக்கமும் காற்று. புரோக்கர் தம் காரிலேயே அழைத்துச் சென்றார். ஞாயிறு மதியம், சாலை துடைத்து வைத்தாற்போல் கிடந்தது. "பாத்துக்கிட்டீங்களா சார்? நாப்பதே நிமிஷம். ஆறு பாட்டு கேட்டா கடை வாசல்" என்றார் அவர். பொய் சொன்னார் என்று அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அன்று உண்மையிலேயே நாற்பது நிமிடங்கள்தான் ஆயின.

தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார்கள். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கலாமா என்றுகூடக் கேட்டார்கள். மனைவியின் அக்காள் தொலைபேசியில், "மூணு ரூமாடி? அந்த ஊர்லயா? உன் வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான்" என்று வியந்தபோது, அவ்விருவருக்கும் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துப் போயிற்று.

திங்கட்கிழமை காலையில்தான் அந்தத் தூரம் தன் முழு நீளத்தையும் காட்டியது. வீட்டிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து ரயில், ரயிலிலிருந்து நடை, இடையில் காத்திருப்பு. எல்லாம் சேர்த்துப் போவதற்கு இரண்டு மணி நேரம், வருவதற்கு இரண்டு மணி நேரம். குழந்தை எழுவதற்கு முன் அவர் கிளம்ப வேண்டும். அவர் திரும்புவதற்குள் அவள் உறங்கிவிடுவாள். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு கடை உண்டு. கிடைக்கும் மற்ற ஞாயிறுகளில் உடம்பு அடித்துப் போட்டாற்போல் மதியம்வரை எழாது. எழுந்து கூடத்துக்கு வந்தால், குட்டிமா அம்மாவின் புடவை மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதைப் போல அவரை ஒரு கண்ணால் பார்ப்பாள். வெற்றுச் சட்டத்தை மாட்டிக்கொண்டு அவர் அமர்ந்தால், விரல் நீளாது.

பயிற்சியாளரிடம் மனைவிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வந்தார். வாரம் ஒரு முறை என்று தொடங்கியது, தூரத்தின் அலுப்பால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாகச் சுருங்கிற்று. முதல் நாளே அந்தப் பயிற்சியாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "வீட்டுல ரெண்டு பேருமே மொகத்துக்கு மொகம் பேசணும்மா. ஒதடு அசையறத அவ பாக்கணும். பாத்துதான் புடிச்சுக்குவா. ஃபோன்ல பேசறது இதுக்கு ஆகாது." புதிதாக வரும் ஒவ்வொரு சொல்லையும், அது யார் முன்னால் வந்தது என்பதையும், ஒரு தாளில் எழுதி வரவும் சொன்னார்.

இதில் பெரும்பகுதியை மனைவி கணவரிடம் சொன்னார். ஃபோன் ஆகாது என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் தினமும் நாலு மணி நேரத்தைக் கடக்கிறார். அதையும் எப்படி அறுப்பது என்று மனைவி நினைத்தார். தேர்ந்தெடுத்த வீடு தாம் பிடிவாதம் பிடித்த வீடாயிற்றே என்ற உறுத்தலும் இருந்தது.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் கடைக்குக் குறுஞ்செய்தி வந்தது: 'இன்னிக்குப் புது வார்த்தை. கேக்கல. ரொம்பத் தெளிவா சொல்றா.'

லென்ஸ்காரர் அன்று ரயிலேறியதும் ஜன்னலாரைத் தேடிப் போய்ச் சொன்னார். "அப்பா இன்னும் வரலைங்க. கேக்கல வந்திருக்கு. மூணு எழுத்துங்க அது."

"எண்ணிப் பாருங்க, நாலேதான்" என்றார் ஜன்னலார். "அளக்கறதுல புலின்னீங்க."

"சந்தோஷத்துல தப்பிடுச்சு."

"தப்பட்டும். கேக்கலயே வந்துடுச்சுன்னா அப்பா எங்க போயிடப் போகுது? அடுத்த வண்டியில வரும்."

அடுத்த வண்டிகள் பல வந்தன. பதினோராம் மாதத்தில், எப்படியோ ஒரு வேலைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, லென்ஸ்காரர் முதல் முறையாகப் பயிற்சி அறைக்குப் போனார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். தம் முன்னால் 'அப்பா' வந்துவிடக்கூடும் என்ற நினைப்பு அவருக்கு.

தரையில் பாய், நடுவில் படங்கள். பயிற்சியாளர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பூ, காக்கா, பால் என்று குட்டிமா தயங்காமல் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த நிழற்படங்கள். முதலில் மனைவியின் படம்.

"இது யாரு?"

"அம்மா."

அடுத்து லென்ஸ்காரரின் படம். அவர் பாயின் ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"இது யாரு?"

"கேக்கல" என்றாள் குட்டிமா.

பயிற்சியாளர் இன்னும் நெருங்கி அமர்ந்து, குரலை உயர்த்தினார். "கேக்கலயா கண்ணு? இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

"கேக்கல."

"ஃபேன் சத்தமா இருக்கும், கொஞ்சம் நிறுத்திடறேன்" என்று எழுந்து விசிறியை அணைத்துவிட்டு வந்தார். அறை அடங்கிற்று. "இப்பச் சொல்லு. இது யாரு?"

இந்தப் பெரியவர்களுக்கு ஏன் இத்தனை எளிய விஷயம் புரியவில்லை என்பது போல, குழந்தை அவரைப் பார்த்தாள். படத்தின் மேல் ஆட்காட்டி விரலை அழுத்தி வைத்தாள். பிறகு தலையைத் திருப்பி, பாயின் ஓரத்தில் இருந்த தந்தையையும் அதே விரலால் காட்டினாள்.

"கேக்கல" என்றாள், பொறுமையாக.

மனைவி சட்டென்று சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. பயிற்சியாளர் படத்தை மெதுவாகப் பாயில் வைத்தார்.

"வார்த்தையில ஒரு தப்பும் இல்ல சார்" என்றார் தணிந்த குரலில். "ஃபோன எடுத்தா அப்பா பேசறாங்கன்னு இவங்க குடுக்கறாங்க. உள்ள இருந்து எப்பவும் ஒரே வார்த்தைதான் வருது. அது உங்க பேருன்னு நெனச்சுக்கிட்டா. அவ கேட்ட வரைக்கும் சரியாதான் பேர் வெச்சிருக்கா."

வெளியே வந்ததும், படிக்கட்டின் அருகிலிருந்த மரப்பலகையில் இருவரும் அமர்ந்தார்கள். குழந்தை மடியில் உறங்கிவிட்டாள்.

"ஃபோன்ல பேசறது ஆகாதுன்னு டீச்சர் மொதல் நாளே சொன்னாங்க" என்றார் மனைவி. "நாந்தான் உங்ககிட்ட மறச்சேன். வீடும் நான் கேட்ட வீடு. திட்டணும்னா திட்டிடுங்க."

"நானும்தான தலையாட்டினேன். மூணு ரூம்னு எனக்கும் வாயெல்லாம் பல்லாத்தான் இருந்துச்சு." அவர் மகளின் உள்ளங்கையைத் தம் விரலால் வருடினார். "தண்ணிய கேட்டோம். வெயில கேட்டோம். ஆணிய கேட்டோம். வேல நாள்ல போக வர எவ்வளவு நேரம் ஆகும், புள்ள முழிச்சிருக்கறப்ப நான் வீட்டுல இருப்பனா... அத மட்டும் நாம..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய சொல் எதுவென்று இருவருக்கும் தெரிந்தது. மனைவிதான் அதைச் சொன்னார்.

"கேக்கல."

பிறகு மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சலவைக் கடை மாடி காலியா இருக்குமாங்க? இல்லன்னா அந்தப் பக்கமே வேற ஏதாச்சும் பொந்து இருந்தாலும் சரி. ஆவில வெந்தாலும் வேகலாம்."

"மறுபடியும் ஞாயித்துக்கிழம போயிப் பாக்க வேணாம்" என்றார் லென்ஸ்காரர். "திங்கக்கிழம காலையில, கடைக்குப் போற நேரத்துல பாப்போம். வீடு எத்தன அடின்னு அளக்கறது அப்பறம். அந்த வீட்டுல நாம முழிச்சிருந்து ஒருத்தர ஒருத்தர் பாக்கற நேரம் எவ்வளவுன்னு மொதல்ல அளக்கணும். அதே வாடகைக்கு மூணு ரூம்னு நெனச்சோம். மிச்சத்த புள்ளகிட்ட இருந்து வாங்கியிருக்காங்க."

இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தூரத்து வீட்டைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள் பலர் உண்டு. அவர்களைக் குறைகூற இதை எழுதவில்லை. வழி இருந்தும் அறைகளை மட்டும் எண்ணிவிட்டு, நேரத்தை எண்ணாமல் விடுகிறவர்களுக்காகவே எழுதினேன்.

அடுத்த மாதம் அவர்கள் அந்தச் சலவைக் கடைத் தெருவிலேயே, வேறொரு மாடியில், ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். மாலை ஏழேகாலுக்கு லென்ஸ்காரர் வீட்டில் இருக்கிறார். குட்டிமா இன்னும் அவரைக் கேக்கல என்றே அழைக்கிறாள். ஆனால் அவருடைய உதடுகளைப் பார்த்து அழைக்கிறாள். அவர் ஒவ்வொரு முறையும் "அப்...பா" என்கிறார். காத்திருக்கிறார்.

இழந்தவை இவை. இரண்டு அறைகளும் ஒரு பால்கனியும். பதினோரு மாதங்கள். வேலைநாள் ஒவ்வொன்றுக்கும் நான்கு மணி நேரம். பயிற்சியாளருக்காக எழுதிய தாளின்படி, அம்மாதங்களில் குழந்தை புதிதாகப் பேசிய சொற்கள் முப்பத்தொன்று. அவற்றில் தந்தையின் முன்னால் பிறந்தவை நான்கு.