அந்த நாற்பது விநாடி

பத்தொன்பது வயதில் அவள் ஒரு பாட்டின் நடுவே ட்ரம்பெட்டில் தனியாக ஊதியது மொத்தம் நாற்பது விநாடி. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாதிப் பாட்டில், நடுவிரலால் அழுத்தும் வால்வு கீழே இறங்கி மேலே வர மறுத்துவிட்டது. நிறுத்தச் சொல்வார்கள் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஒருவரும் கை காட்டவில்லை. அகப்பட்ட சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு தடுமாறி, ஒரே சுரத்தை ஏழு முறை ஊதி, எப்படியோ கரையேறினாள்.

"இன்னொரு தடவை எடுத்துடலாம் சார்" என்றாள் வெளியே வந்து.

"கையெடுத்துக் கும்பிடறேன், தொடாதேம்மா" என்றார் பதிவு செய்தவர்.

'ஈரச் சட்டை' என்ற அந்தப் பாட்டு அவர்களுடைய சின்ன ஜாஸ் குழுவை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனது. குழுவில் அப்போதும் இப்போதும் மூன்றே பேர்தான். ட்ரம்பெட் அவள், ட்ரம்ஸ் அவள் தம்பி, டபுள் பேஸ் நெட்டையன். நெட்டையன் என்று பெயர்தானே தவிர, வாத்தியம் அவனைவிட ஒரு சாண் உயரம்.

அவளுக்கு இப்போது நாற்பத்தேழு. அந்த நாற்பது விநாடி அவளைவிட்டுப் போகவேயில்லை. தொலைபேசியில் காத்திருக்கச் சொன்னால் காதில் அது ஒலித்தது. இசைப்பள்ளிகளில் அதைச் சுரம் பிசகாமல் எழுதிவைத்து, பரீட்சைக்கு வாசிக்கச் சொன்னார்கள். கணவனுக்கு அவளைப் பற்றிப் பெருமை அதிகம். அவன் போனில் அழைப்பொலியே அதுதான். மாமியார் கூப்பிடும்போதெல்லாம் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சமையலறையில் தடுமாறினாள்.

மேடையிலும் அதேதான். ஜாஸில் ஒருவருக்குத் தனியாக இடம் விட்டால் அந்த நேரத்தில் மனசில் வருவதை வாசிக்க வேண்டும். அவளோ நேற்றுப் பேசியதை இன்று ஒப்பிப்பதுபோல், தற்செயலாக நடந்த ஒரு தடுமாற்றத்தை இருபத்தெட்டு வருடமாகத் தவறில்லாமல் தடுமாறிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமைக் கச்சேரிக்கு அரங்கத்து மேலாளர் சுவரொட்டியில் 'ஈரச் சட்டை, கேட்டது கேட்டபடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். டயர் கடை மாடியில் இருந்த ஒத்திகை அறையில் அவள் அதைத் தம்பி முன்னால் விரித்தாள்.

"என்னடா அநியாயம் இது? கேட்டது கேட்டபடி வேணும்னா வீட்ல உக்காந்து ரெக்கார்டைப் போட்டுக்கட்டுமே."

"ஜனங்க அதுக்குத்தான்க்கா வராங்க. நாப்பது விநாடி. கண்ணை மூடிக்கிட்டு ஊதிட்டு வந்துடு."

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்டா இத்தனை வருஷமா ஊதறேன்."

நெட்டையன் பேஸின் பின்னால் பாதி மறைந்து நின்றான். "நான் பாட்டுக்கு நாலு கம்பியைத் தட்டிக்கிட்டு இருக்கேன். உங்க குடும்பச் சண்டையில என்னை இழுக்காதீங்க" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அறுநூறு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. கடைசிப் பாட்டில் அவள் முறை வந்தது. அவள் பழையதைத் தொடவில்லை. அடிவயிற்றிலிருந்து தாழ்வாக ஒரு சுரம் எடுத்து, கொஞ்சம் காத்திருந்து, அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தாள். அடுத்தது என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மேடையில் பயமாக இருந்தது. அந்தப் பயம் நன்றாகவும் இருந்தது.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மெல்ல முணுமுணுத்தாள். அந்த நாற்பது விநாடியைத்தான். பாவம், மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு அந்த வரிசை, பிறகு அரங்கத்து மாடி வரிசைகளும். கோபித்துக் கூச்சல் போட்டிருந்தால் அவள் எதிர்த்து ஊதியிருப்பாள். அவர்கள் சிரித்த முகத்தோடு, குழந்தைக்கு நடை பழக்குகிறவர்களைப்போலப் பாடினார்கள். அவளுக்குப் பின்னால் ட்ரம்ஸும் பழைய தாளத்துக்கு மாறியது. அவள் ட்ரம்பெட்டைத் தாழ்த்தினாள். ஒரே சுரம் ஏழு முறை வரும் இடத்தில் ஏழு கைதட்டு வைத்து அரங்கமே முடித்துக்கொடுத்துவிட்டு, எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

மேலாளர் ஒப்பனை அறைக்கு ஓடிவந்தார். "என்ன யோசனைங்க! நீங்க ஆரம்பிச்சு விட்டுட்டு ஜனங்களைப் பாட வெச்சீங்களே, எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. மத்த ஊர் அரங்கத்துக்காரங்களுக்கும் சொல்லிடறேன், இனிமே இதையே வெச்சுக்கலாம்."

அவர் போன பிறகு தம்பி கதவைச் சாத்தினான். "அக்கா, முதல்ல ஊதினியே, அது என்னது?"

"தெரியல. போய்த்தான் பார்த்திருக்கணும்."

"நான் உன் பின்னாலதான் வந்துக்கிட்டிருந்தேன்." அவன் குச்சிகளைப் பைக்குள் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். "அவங்க பாட ஆரம்பிச்சதும் நான்தான் தாளத்தை மாத்தினேன். பயந்துட்டேன்க்கா. எனக்கும் வேற எதையும் தட்டத் தெரியாமப் போயிடுச்சோன்னு தோணுச்சு."

அவள் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள். திரும்பும் வழியெல்லாம் வேன் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

வருடக் கடைசி வரைக்கும் பதினெட்டு ஊர்களுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் அவள் இரண்டு சுரம் ஊதிவிட்டுக் கையைத் தாழ்த்தினாள், மீதியை ஜனங்கள் பாடினார்கள். இப்போது அந்த நாற்பது விநாடியில் அவளுக்கு ஊதக்கூட வேலையில்லை. சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமைக் காலைகளில் மட்டும் டயர் கடை மாடிக்குத் தனியாகப் போனாள். அந்தத் தாழ்ந்த சுரத்தை எடுப்பாள், பக்கத்தில் இன்னொன்றை வைப்பாள். மூன்றாவதில் விரல் தானாகப் பழைய வழிக்குத் திரும்பிவிடும். நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பாள். இரண்டாவது வாரம் தம்பி வந்து, ஒன்றும் கேட்காமல் ட்ரம்ஸின் பின்னால் உட்கார்ந்தான். அவள் போ என்று சொல்லவில்லை.

"இந்தத் தடவை நான் மாத்த மாட்டேன்" என்றான்.

"மாத்தினா மண்டையை உடைச்சிடுவேன்."

அன்றைக்கும் ஆறேழு விநாடிக்கு மேல் போகவில்லை. அடுத்த வாரம் நெட்டையனும் பேஸைப் படிக்கட்டில் இடித்து இடித்து மேலே ஏற்றிக்கொண்டு வந்தான். அன்று பன்னிரண்டு விநாடி போனது. அதற்கப்புறம் அவள் விரல் வழக்கம்போல் வழிமாறியது. தம்பி அவளோடு மாறாமல் புதுத் தாளத்தையே தட்டிக்கொண்டிருந்தான். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் சுரத்தை எடுத்தாள்.