முடக்கில் தேங்கிய நேரம்

டர்போ பூட்டிய நாளிலிருந்து கிருஷாந்த் வாடகைக்கு ஓட்டும் டீஎக்ஸ் வேகன் கார், புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்பே போய்ச் சேர்ந்துவிடும். புளத்கொகுபிட்டிய கடைவீதியில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் பொன்னுத்துரைதான் இதை முதலில் கண்டவர். ஹயர் ஒன்று பேசுவதற்காகக் கிருஷாந்துக்குப் போன் போட்டிருக்கிறார். தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருப்பதாகவும் இதோ கிளம்பிவிட்டதாகவும் கிருஷாந்தின் குரல் காதுக்குள் சொல்லிக்கொண்டிருக்க, அதே கிருஷாந்த் கடை முன்னால் காரை நிறுத்தி இறங்கி, எங்கே போகவேண்டும் என்று கேட்டிருக்கிறான். பொன்னுத்துரை போனை வைத்துவிட்டு, எம்பிலிப்பிட்டிய என்றார். கிளினிக்கில் முதல் நம்பர் வேண்டியவர்கள் அதன் பிறகு வேறு வாகனம் தேடவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்கிறவர்கள், லீவு கேட்கும்போதே மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

டர்போவுக்கு முன்னால் அந்தக் கார் பட்ட பாடு தோட்டத்துக்கே தெரியும். கந்தகொல்லைத் தோட்டத்தின் கீழ் டிவிசன் ஒரு குழிக்குள் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு ஏற வேண்டுமென்றால் செங்குத்தாக வளைந்து ஏறும் ஒரு முடக்கைத் தாண்ட வேண்டும். ஒரு பக்கம் ரப்பர் மரங்கள், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அங்கே வந்ததும் பழைய டீசல் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், கறுப்புப் புகை கக்கும், பிறகு நின்றே விடும். எனவே காரில் வருகிறவர்கள் எல்லோரும் முடக்கில் இறங்கி நடப்பது வழக்கமாகிவிட்டது. வெறுங்கார் முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறும், சனம் புகைக்குப் பயந்து பத்தடி தள்ளிப் பின்னால் வரும். கிருஷாந்தின் மனைவி விஜயகலா மட்டும் டிரைவர் பக்கத்துக் கதவில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலோடு ஜன்னலாக நடப்பாள். லயத்துக் காம்பராவில் சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் சுக்குக் காப்பி போடுகிறார்கள். புருசன் பெண்டாட்டி பேச்சுக்கு அங்கே இடமேது? ஆகவே அவள் தன் வாழ்க்கையின் முக்கியமான விசயங்களை எல்லாம் அந்த ஜன்னலில்தான் சொன்னாள். மகள் கேஷானி வயிற்றில் இருப்பதை அங்கேதான் சொன்னாள். இனியும் குடித்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றதும் அங்கேதான், அவன் அன்றோடு விட்டான்.

கேஷானி ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது விஜயகலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாயிற்று. யார் முடிவு எடுத்தது என்று கேட்டால் சரியாகச் சொல்ல ஆளில்லை. லயத்தை விட்டு வெளியே ஒரு வீடு கட்ட வேண்டும் என்று கிருஷாந்த் ஒருநாள் சொன்னான். பக்கத்து லயத்தில் இரண்டு பேர் குவைத்துக்குப் போயிருந்தார்கள். ஏஜென்சிக்காரன் வந்தான், போட்டோ எடுத்தார்கள், அவள் சரி என்று தலையாட்டினாள். பயணம் அடைமழைக் காலத்தில் விழுந்தது. முடக்கில் கணுக்கால் வரைக்கும் சேறு. "போற அன்னைக்காவது நீ சேத்துல எறங்கி நடக்கக் கூடாது" என்று கிருஷாந்த் சொன்னான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டான். ஆண்பிள்ளைகளுக்கு இப்படியான இடங்களில் புத்தி வேலை செய்வதில்லை.

ருவான்வெல்லையில் கராஜ் வைத்திருக்கும் அப்துல் ரஸாக், விபத்தில் நொறுங்கிய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவை எடுத்துக் கொடுத்தார். பார்ப்பதற்குப் பெரிய நத்தை ஓடு போல இருந்தது. எஞ்சின் வேண்டாம் என்று வெளியே தள்ளும் புகையைப் பிடித்து, அதைக் கொண்டே ஒரு சின்ன விசிறியைச் சுழற்றி, புதுக் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது அதன் வேலை. புகைக்குழாயை வெட்டி ஒட்டினார், ஒயில் போக ஒரு குழாயும் திரும்பி வர ஒரு குழாயும் இழுத்தார், டீசல் பம்பைக் கொஞ்சம் திறந்துவிட்டார். "பழைய எஞ்சின், அளவா மிதிங்க தம்பி" என்றார். "இன்னொண்டு. ஓடி வந்த கையோட ஓஃப் பண்ணிராதீங்க. கொஞ்ச நேரம் ஸ்லோவுல நிக்க விடுங்க, அது ஆறணும். இல்லாட்டி உள்ள கருகிப்போகும்." கிருஷாந்த் இதைக் குர்ஆனைக் கேட்பவர்கள் மாதிரி தலை குனிந்து கேட்டுக்கொண்டான்.

பயண நாளில் லயமே திரண்டு வந்து வழியனுப்பியது. முடக்கு நெருங்கியதும் விஜயகலா பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவுப் பிடியில் கை வைத்தாள். கார் நிற்கவில்லை. ஒரு விசில் சத்தம் கேட்டது, அவ்வளவுதான், முடக்கு பின்னால் போய்விட்டது. கிருஷாந்த் சிரித்துக்கொண்டே அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் செருப்பை மறுபடி காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் போய் நின்றபோது, லயத்து வாசலில் அவர்களுக்குக் கை காட்டும் சனம் இன்னும் கையை இறக்கியிருக்கவில்லை. அவள் பையோடு இறங்கி, அவன் பக்கம் சுற்றி வந்து, ஜன்னல் கதவில் கை வைத்து வாயைத் திறந்தாள். அவனோ எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். டர்போ ஆறிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் இரு" என்று ஒரு விரலைக் காட்டினான். அது ஆறி முடிந்து அவன் சாவியைத் திருப்பியபோது, ஏஜென்சிக்காரன் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

அவளுடைய தங்கை கலைச்செல்விதான் பிறகு ஒருநாள், கேஷானிக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். "அக்காவுக்குப் போக இஷ்டமே இல்ல மச்சான். லயத்துல எல்லாருக்கும் முன்னால சொல்ல வெக்கம். முடக்குல எறங்குறப்ப சொல்லிடுறேன், அவரு காரைத் திருப்பிடுவாருன்னு சொல்லிட்டுத்தான் ஏறுனிச்சு." கிருஷாந்த் எழுந்து வெளியே போனான். வெள்ளிக்கிழமை வட்சப்பில் பேசும்போது விஜயகலாவிடம் அதைக் கேட்டான். மேடம் பக்கத்தில் நிற்கிறாள் என்றாள், பிறகு பேசலாம் என்றாள். மேடம் எப்போதும் பக்கத்தில்தான் நின்றாள். அவன் திரும்பத் திரும்ப அந்த ஒரு விரலையே நினைத்துக்கொண்டிருந்தான். அதை வெட்டிப் போட்டாலும் தகும் என்று பொன்னுத்துரையிடம் ஒருதரம் சொல்லியிருக்கிறான்.

கார் மிச்சப்படுத்திய நேரம் எங்கே போகிறது என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை. தோட்டத்துக் காவற்காரர் செல்லையா ஒருநாள் முடக்கில் நடந்து போகும்போது தெருத்தெருவாக ரொட்டி விற்கும் சூன் பாண் ஆட்டோவின் பாட்டு கேட்டது. அவர் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார், இன்னொரு முறை போட்டார், கொஞ்சம் கண்ணயர்ந்தும் எழுந்தார். எழுந்து நடந்து முடக்கைத் தாண்டினால், ஆட்டோ அதே இடத்தில் நின்று பாட்டின் அதே வரியைப் பாடிக்கொண்டிருந்தது. கார் ஏறும்போதெல்லாம் மிச்சமான நேரம் அந்த முடக்கில் தேங்கிக் கிடந்திருக்கிறது. விசயம் பரவியதும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள், மாமியாரோடு சண்டை போட்ட மருமகள்கள் சும்மா வந்து உட்கார்ந்தார்கள். இறைக்க இறைக்கக் கிணற்றில் தண்ணீர் குறைவது போல நேரமும் குறைந்தது. அப்போதுதான் கிருஷாந்த் லயம் லயமாகப் போய்க் கேட்டுக்கொண்டான். "அது விஜயா இல்லாத நேரம். அவ வந்ததும் அவகிட்டயே குடுக்கணும். தயவு பண்ணி எடுக்காதீங்க." அன்றிலிருந்து சனம் முடக்கில் விறுவிறுவென்று நடந்து கடந்தது.

விஜயகலாவின் ஒப்பந்தம் முடிந்தது, கூரை போட வேண்டும் என்று நீட்டித்தார்கள், கதவு ஜன்னல் வைக்க வேண்டும் என்று மறுபடியும் நீட்டித்தார்கள். ஹயர் இல்லாத வேளைகளில் கிருஷாந்த் வெறுங்காரை முடக்கில் ஏற்றுவான், மேலே திருப்பிக் கீழே கொண்டுவருவான், மறுபடி ஏற்றுவான். அவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று புதுக் கணக்கப்பிள்ளை சொன்னபோது, பழையவர்கள் அவர் பேச்சுக்கு முகம் கொடுக்கவில்லை. போனில் சொல்ல முடியாததை எல்லாம் சொல்லவும், கேட்க முடியாததைக் கேட்கவும், காலில் விழ வேண்டுமென்றால் விழவும் போதுமான நேரம் சேர வேண்டும் என்பதே அவன் எண்ணம். கேஷானி பெரியவளாகிச் சாமத்தியப்பட்டாள், ஓ.எல். பரீட்சை எழுதினாள்.

கடைசியில் விஜயகலா லீவில் வந்தாள். கட்டுநாயக்கவுக்குக் கிருஷாந்த் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய விமானம் குவைத்தில் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அவன் காத்திருந்தான். வந்தவள் பாதியாய் இளைத்திருந்தாள். கழுவுகிற மருந்து பட்டு உள்ளங்கை வெடித்திருந்தது. லீவு கொஞ்ச நாள்தான், திரும்பிப் போக டிக்கெட்டும் கையில் இருந்தது. ருவான்வெல்லை தாண்டியதும் அவன் வாயைத் திறந்தான்.

"முடக்குல கொஞ்சம் நிப்பாட்டுறேன். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சரிங்க" என்றாள்.

முடக்கில் நிறுத்தியபோது அவள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். எஞ்சினை ஆறவிட்டு, அவன் சாவியைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்து ஒரு ரப்பர் காய் மேலே வெடித்தது. அதன் விதை பாதி வழியில் அந்தரத்தில் நின்றது, இலைகளும் அசையவில்லை. அவன் அவள் தோளைத் தொடக் கை நீட்டினான். குவைத்தில் அந்த வீட்டில் முழுத் தூக்கம் தூங்கியே வருசக்கணக்காகிறது என்று அவள் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு வாய் லேசாகத் திறந்தது, மூச்சு ஆழமானது, பிறகு குறட்டை வந்தது. முன்பு அவளுக்குக் குறட்டை கிடையாது. ஏற்றி இறக்கிச் சேர்த்த அத்தனை வருசத்து நேரமும் ஒழுகிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. கேட்க நினைத்தவை வரிசையாக வந்து நின்றன. அவன் ஒன்றையும் கேட்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அழவும் செய்தான்.

நேரம் தீர்ந்ததும் ரப்பர் விதை பொனட்டில் டக்கென்று விழுந்தது. விஜயகலா கண் விழித்தாள்.

"வந்துட்டோமாங்க?"

"இல்ல, முடக்குலதான் நிக்கிறோம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்னமோ கேக்கணும்னீங்களே."

"நல்லாத் தூங்குனியா?"

"தூங்குனேங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதைக் கேக்கத்தான் நிப்பாட்டுனீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிருஷாந்த் காரைக் கிளப்பினான்.