பதினோராவது ஷரத்தும் அம்மாவின் ஆட்டமும்

என் அம்மா கன்னியம்மா செத்த பதினேழாம் நாள், நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு சென்னை பாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார் நிர்மல். சத்துமாவு கம்பெனிக்காரர். அந்த மாவு டப்பாவில் சிரிப்பது என் முகம்தான்: கபடி வீராங்கனை தேவிப்பிரியா.

வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் எங்கள் கோச் உத்தமன் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நிர்மலைப் பார்த்ததும் பதறி எழுந்து இடம் கொடுத்தார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

நிர்மல் செல்போனை நீட்டினார். அம்மாவின் சாவு ஊர்வலத்தில் நான் ஆடும் வீடியோ. பறை அடிக்கிறது, பட்டாசு வெடிக்கிறது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாடைக்கு முன்னால் ஆடுகிறேன். 'குடித்துவிட்டு நடுத்தெருவில் கும்மாளம்' என்று எவனோ எழுதிப் போட்டிருந்தான். நாசமாய்ப் போக! அன்றைக்கு என் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"காண்ட்ராக்ட்ல பதினோராவது ஷரத்து இருக்கு மேடம். கம்பெனிக்குக் கெட்ட பேர் வர்ற மாதிரி நடந்துக்கக் கூடாது. இதை கேமராவைப் பார்த்து ஒரு நிமிஷம் படிச்சிடுங்க, போதும்."

"பெத்தவ சாவுக்கு ஆடாம வேற யாரு சாவுக்கு சார் ஆடறது? எங்க பக்கம் இப்டித்தான் அனுப்புவோம்."

"எனக்குப் புரியுது. பாக்கறவங்களுக்குப் புரியாதே."

மாஸ்டர் என்னை ஓரமாக இழுத்துப் போனார். "ஒரு முட்டி ஆபரேஷனுக்கு அவங்க கம்பெனிதான் பணம் கட்டுச்சு. இன்னொண்ணு பாக்கி கீது. வாயால சொல்றதுதானே, சொல்லிட்டுப் போயேன்மா."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒப்பந்தம் போனால் இடது முட்டி போச்சு. முட்டி போனால் மாநில அணியும் போச்சு. தாளை வாங்கினேன். முதல் வரியே, 'என் செயல் அநாகரிகமானது.'

அநாகரிகமா? நான் ரெய்டு போய் பாயிண்ட் எடுத்த ஒவ்வொரு தடவையும் அம்மா கேலரியில் எழுந்து ஆடுவாள். கேன்டீனில் பாத்திரம் தேய்த்துக் காய்த்த கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு காலை மடக்கி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் கண்டுகொண்டதே இல்லை. அவள் போன அன்று, அவளுக்கு நான் ஆடினேன். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பார்கள். முனை வரைக்கும் ஆடினேன்.

"உங்க விளம்பரத்தைப் போடுங்க சார்," என்றேன்.

போட்டார். டப்பாவைப் பிடித்தபடி கையைத் தூக்கி, காலை மடக்கி, இடுப்பை வெட்டுகிறேன். எங்கள் ஏரியா குத்தாட்டம்தான் வேண்டும் என்று கேட்டவர்களே அவர்கள்தான். அன்றைக்கு அம்மா ஷூட்டிங்குக்கு வந்து டைரக்டருக்கே ஆடிக் காட்டினாள். இதே நிர்மல் கைதட்டினார்.

"இன்னா சார், ரெண்டும் ஒரே ஆட்டம்தானே? டப்பாவோட ஆடுனா நல்லா கீது, பொணத்துக்கு முன்னாடி ஆடுனா அசிங்கமா?"

தாளை மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்தேன்.

"காண்ட்ராக்ட்ட கிழிச்சுக்கோங்க. ஆனா அந்த ஆட்டத்தை விளம்பரத்துலேர்ந்து வெட்டிடுங்க. அது எங்கம்மாவோடது."

"அதை வெட்டினா விளம்பரத்துல ஒண்ணுமே இருக்காது மேடம்."

"தெரியும் சார். வெட்டுங்க."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆவடியில் மேட்ச். விளம்பரம் நின்றுபோயிருந்தது, ஆபரேஷனும்தான். முட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கடைசி ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டில் வந்து விழுந்தேன். எழுந்து கேலரியைப் பார்த்தேன். அம்மா உட்காரும் இடம் காலி. கையைத் தூக்கினேன், காலை மடக்கினேன், வலியோடு இடுப்பை ஒரு வெட்டு வெட்டினேன்.

நடுவர் ஓடிவந்து, ஒழுங்கீனம் என்று எச்சரித்துப் பச்சை அட்டை காட்டினார்.

"நல்லா காட்டு சார்," என்றேன்.

அப்போது எங்கள் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து கையைத் தூக்கினார். உத்தமன் மாஸ்டர். காலை மடக்கத் தெரியவில்லை, இடுப்பும் வளையவில்லை, கண்ணில் தண்ணீர் வேறு. ஆனாலும் மனுஷன் நிறுத்தவில்லை. நடுவர் அவருக்கும் ஒரு பச்சை அட்டை காட்டினார்.