வெள்ளையில் தெரியாத தவறு

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. மணி அடித்துப் பயனில்லை என்பதால், நடைக்கூடத்தின் கூரையோரமாக ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எல்இடி பட்டை ஒட்டியிருந்தார்கள். சாதாரண நேரத்தில் அது வெள்ளையாக எரியும். வகுப்பு மாறும்போது நீலம். சிவப்பு வந்தால் எல்லாரும் உடனே வெளியே போய்விட வேண்டும். பச்சை வந்தால் ஆபத்து ஒன்றுமில்லை, இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தண்ணீர் பட்ட பாடு.

ஒரு பெருமழைக்குப் பிறகு, கடைசி வகுப்புக்குப் பக்கத்தில் பட்டை அணைந்துபோனது. லைட்டக்காவைக் கூப்பிட்டார்கள்.

கடைப் பலகைகளுக்கும் மேடைகளுக்கும் விளக்கு போடுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கணவர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் கடல்மேல்தான். கடையை அவளும் நாத்தனாரும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஏணி ஏறுவது அவள், போன் எடுப்பது நாத்தனார்.

அன்றைக்கு ஏணியில் ஏறியதுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மாதிரிப் பட்டையில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு பொடி சிப் இருக்கும். முதல் புள்ளி தனக்கான செய்தியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும், அது அதற்கடுத்ததற்கு. நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாம் நல்லதாக இருந்தும் இருட்டுதான். கடைசியாக எரிகிற புள்ளி, முதலாவதாக எரியாத புள்ளி, இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி. கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் அங்கே ஒரு மீட்டர் முழுக்கப் பச்சைப் பாசிபோல் செம்பு அரித்துக் கிடந்தது. கொண்டுவந்திருந்த புது ரோலிலிருந்து ஒரு மீட்டர் வெட்டி, அரித்த இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். அதே ஐந்து வோல்ட், அதே மூன்று வயர், புள்ளிகளில் அதே நெருக்கம். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தது.

"எல்லா கலரும் போட்டுப் பார்த்துடறேன் மேடம்" என்றாள்.

தலைமை ஆசிரியை பதறிப்போனார். "ஐயோ, சிவப்பை மட்டும் போட்டுடாதீங்கம்மா. பிள்ளைங்க அத்தனை பேரும் ஓடிடுவாங்க. பரீட்சை நடக்குது."

வெள்ளை போட்டாள். கோடி முதல் கோடி வரை பளிச்சென்று எரிந்தது. நீலம் போட்டாள். அதுவும் சரி. பச்சை போட்டுப் பார்த்திருக்கலாம். வெள்ளை வந்தால் எல்லாம் வந்த மாதிரிதானே என்று விட்டுவிட்டாள். ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பதினோரு நாள் கழித்து ஆசிரியர் அறையில் நகலெடுக்கும் இயந்திரம் கருகிப் புகையத் தொடங்கியது. தலைமை ஆசிரியை சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வெளியே வந்து மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். தலை எண்ணினார்கள். கடைசி வகுப்பைக் காணோம். ஆறு பிள்ளைகளும் டீச்சரும் வரவில்லை.

அந்த டீச்சருக்கும் காது கேட்காது. கதவின் மேலுள்ள கண்ணாடி வழியாகத்தான் பட்டை தெரியும். அவர் நிமிர்ந்து பார்த்தார். பச்சை. பிள்ளைகளுக்குச் சைகையில் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு, காகிதம் வெட்டும் பாடத்தைத் தொடர்ந்தார். கதவிடுக்கில் புகை நுழைந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் காவலாளி மெயின் சுவிட்சை அணைத்திருந்தார், பட்டையும் அணைந்துவிட்டது. தலைமை ஆசிரியை மூக்கில் கைக்குட்டையோடு உள்ளே ஓடிவந்து, எல்லாரையும் இழுத்துக்கொண்டு வெளியேறினார். நெருப்பு பரவவில்லை. ஆனால் ஒரு சிறுமிக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

டீச்சர் பச்சைதான் பார்த்தேன் என்றார். பள்ளியில் மற்ற எல்லாரும் பார்த்தது சிவப்பு. ஒருவருக்கும் அவர் சொன்னதில் நம்பிக்கை வரவில்லை. சிறுமியின் அப்பா வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: "காதும் கேக்காம, கண்ணும் தெரியாதவங்ககிட்டயா எங்க பிள்ளைய விட்டு வெச்சிருக்கீங்க?"

பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மூன்றாம் நாள் லைட்டக்காவுக்குப் போன் வந்தது.

"டீச்சர் அழுது அழுது பச்சைன்னே சாதிக்கிறாங்க" என்றார் தலைமை ஆசிரியை. "எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ஒரு தடவை வந்து பார்த்துடுங்கம்மா. அவங்க மனசு ஆறுறதுக்காகவாவது."

போனபோது ஆபீஸ் அறையில் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நடைக்கூடத்தில் யாரும் இல்லை. பட்டையை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து சிவப்பை அழுத்தினாள்.

நடைக்கூடம் நெடுகச் சிவந்தது. கடைசிக் கதவுக்கு மேலே மட்டும், ஒரே ஒரு மீட்டர், இளந்தளிர் மாதிரி பச்சை.

பச்சையை அழுத்தினாள். அந்த ஒரு மீட்டர் சிவந்தது. நீலம் சரியாக வந்தது. வெள்ளையும் வந்தது, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி.

நாத்தனாரைக் கூப்பிட்டாள். "அந்தப் புது ரோல் பொட்டலத்துல கலர் வரிசை என்ன போட்டிருக்கு, பாரு."

"இருங்க அண்ணி... ரொம்பப் பொடி எழுத்து... ஆர், ஜி, பி."

"பழசு ஜி, ஆர், பி."

ஆர் என்றால் சிவப்பு, ஜி பச்சை, பி நீலம். நாத்தனாரும் தொழில் தெரிந்தவள், விளக்கம் தேவைப்படவில்லை. பெட்டி ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண் அனுப்பும். பழைய சிப் முதல் எண்ணைப் பச்சை என்று எடுத்துக்கொள்ளும், புது சிப் சிவப்பு என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளையில் மூன்று எண்ணும் ஒரே அளவு, நீலம் இரண்டிலும் மூன்றாவது. அதனால் அந்த இரண்டிலும் வித்தியாசம் தெரியாது.

"யாராவது பார்த்தாங்களா?" என்றாள் நாத்தனார்.

"இன்னும் இல்ல."

"அப்ப சத்தமில்லாம மாத்திட்டு வந்துடுங்க அண்ணி. பழைய வகைப் பட்டையில ஒரு துண்டு வண்டியில கிடக்கு. இருபது நிமிஷ வேலை. அப்புறமா எல்லாம் சிவப்பாத்தான் வருதுன்னு காட்டிடுங்க. வாய விட்டு மாட்டிக்காதீங்க. ஊர்ல ஒருத்தன் நம்மள கூப்பிட மாட்டான்."

"மாத்திட்டா அந்த டீச்சர் கதி?"

லைட்டக்கா அந்த ஒரு மீட்டரை அண்ணாந்து பார்த்தாள்.

"அவங்க மூணு நாளா பச்சைன்னு சொல்லிட்டு இருக்காங்கடி. பச்சையேதான்."

"...நான் வரட்டுமா?"

"வேண்டாம். கடையப் பாரு."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். துண்டு வண்டியில் இருக்கிறது, ஆளும் யாரும் இல்லை என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவில்லை. பிறகு எழுந்து, சிவப்பை அழுத்தி அப்படியே எரியவிட்டுவிட்டு, ஆபீஸ் கதவைத் தட்டினாள்.

"மேடம், நான் எதையும் தொடல. எல்லாரும் ஒரு நிமிஷம் வந்து பாருங்க. டீச்சரையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். நடைக்கூடத்தின் பாதி தூரம் வரை யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கடைசி வகுப்பை நெருங்கியதும் கூட்டம் நின்றது. டீச்சர் மட்டும் நிற்காமல் போனார். கதவுக்கு நேர் கீழே நின்று, அந்தப் பச்சையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர் பார்த்தது சரி" என்றாள் லைட்டக்கா. டீச்சர் உதட்டைப் படிப்பார் என்று தெரிந்ததால், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "தப்பு என்னோடது. நான் போட்ட துண்டு வேற சிப்பு. வெள்ளைய மட்டும் பார்த்துட்டுப் போயிட்டேன்."

சிறுமியின் அப்பாவுக்கு முகம் சிவந்தது. "பார்த்துட்டுப் போயிட்டீங்களா? என் பொண்ணு மூச்சு விட முடியாமக் கிடந்தா. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

"என்னத்த தெரியும்?"

தலைமை ஆசிரியை இருவருக்கும் நடுவே வந்து நின்றார்.

"சிவப்பு போட வேண்டாம்னு சொன்னது நான்" என்றார். "அவங்க எல்லா கலரும் பார்க்கறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் தடுத்தேன். சாயங்காலம் பிள்ளைங்க போனப்புறம் வாங்கன்னு சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணல."

அந்த அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அவருக்குக் கேட்காது என்பது நினைவு வந்தது போல, கைகளைக் கூப்பினார். டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். மன்னித்தாரா என்று தெரியவில்லை.

"இவங்க இனிமே இந்த வாசலை மிதிக்கக் கூடாது" என்றார் கூட்டத்திலிருந்த ஒரு தாய், லைட்டக்காவைக் காட்டி.

டீச்சர் எழுந்து, பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து வேகமாக எழுதினார். தலைமை ஆசிரியை வாங்கி உரக்கப் படித்தார்: "இவங்களே செய்யட்டும். தப்பு எங்கே நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க இவங்கதான். ஆனா சோதனை பண்றது நானா இருக்கணும். அவங்க இல்ல."

மறு வாரம் பழைய பட்டை முழுவதையும் கழற்றிவிட்டு, ஒரு புள்ளி செத்தாலும் அதைத் தாண்டிச் செய்தி போக இரண்டாவது வழி உள்ள வகையை லைட்டக்கா கொண்டுவந்தாள். ஒட்டுவதற்கு முன் மேசைமேல் ஒரு துண்டை எரியவிட்டு டீச்சரிடம் காட்டினாள். ஒரு புள்ளியைக் கட்டரால் நசுக்கினாள். அது மட்டும் அணைந்தது, பின்னால் இருந்தவை தொடர்ந்து எரிந்தன.

டீச்சர் குறிப்பேட்டில் எழுதினார்: "பக்கத்துப் புள்ளியும் செத்தா?"

அவள் அதையும் நசுக்கினாள். அதற்குப் பின்னால் எல்லாம் அணைந்தது. மறைக்காமல் காட்டியதில் டீச்சருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். அடுத்த கேள்வியைச் சிரித்தபடியே எழுதினார்: "அப்போ என் வகுப்பு எப்பவும் கடைசிதானா?"

"இல்ல" என்றாள் லைட்டக்கா. யோசித்துவிட்டு, கடைசி வகுப்புக்கு மட்டும் பெட்டியிலிருந்து தனியாக ஒரு வயர் இழுப்பதாகச் சொன்னாள். நடுவில் எது செத்தாலும் அந்தக் கதவுக்கு மேலே வெளிச்சம் வரும். இரண்டு நாள் கூடுதல் வேலை. நாத்தனாரும் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வாங்கிட்டேன் அண்ணி. இனி ரோல் கடைக்குள்ள வரும்போதே கலர் வரிசைய மார்க்கர்ல கொட்டை எழுத்துல எழுதிடறேன்" என்றாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின மாலை சோதனை நடந்தது. மூச்சிரைப்பு வந்த சிறுமியும் அப்பாவோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வர அவளுக்கு இன்னும் பயம். ஏதாவது புள்ளி தவறினால் உடனே சரிசெய்ய, லைட்டக்கா கடைசிக் கதவுக்கு மேலே ஏணியில் நின்றாள். பெட்டிப் பக்கத்தில் டீச்சர். வெள்ளை, நீலம், பச்சை, சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் டீச்சர் நடைக்கூடம் முழுக்க நடந்து, ஒவ்வொரு கதவுக்கும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். சிவப்பை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினார். நாலாவது தடவை சிறுமி அப்பாவின் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்து வாசலை நோக்கி இழுக்கத் தொடங்கினாள். சிவப்பு வந்தால் வெளியே போக வேண்டும் அல்லவா? டீச்சர் அவளோடு போனார். மாலை வெயிலில் நின்று இரண்டு பேரும் சைகையில் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏணியில் நின்றவளுக்குக் கால் மரத்துப்போனது. டீச்சர் திரும்பி வந்து இறங்கச் சொல்லும் வரை இறங்கவில்லை.