மூன்றில் தொடங்கும் வீடு

வீட்டில் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. எத்தனை முறை எண்ணினாலும் கணக்கு மூன்றில்தான் தொடங்கியது.

வீடு இங்கிலாந்தில், லோவர் ஹென்ஸ்டன் என்ற கிராமத்தில் இருந்தது. பெயர் பேக்கர்ஸ் காட்டேஜ். எண்ணிக்கொண்டிருந்த அமலா, கொல்கத்தா சால்ட் லேக்கில் ஓர் அலுவலகத்தின் ஆறாவது மாடியில் இருந்தாள். அந்தக் கிராமத்தின் தேவாலயம், மாவு ஆலை, சத்திரம், ஒன்பது வீடுகள் எல்லாவற்றையும் அங்கே லேசர் கருவியால் அளந்து அனுப்பியிருந்தார்கள். திரையில் ஒவ்வொரு கட்டடமும் கோடிக்கணக்கான புள்ளிகளாக நின்றது. புள்ளிகளைக் கோடுகளாக்கி வரைபடம் தருவது அமலா இருந்த குழுவின் வேலை. ஊர்க்காரர்கள் தங்கள் கட்டடங்களின் வரலாற்றை எழுத அந்த வரைபடங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

பேக்கர்ஸ் காட்டேஜின் கூரையை நான்கு மரச்சட்டகங்கள் தாங்கின. இரண்டு கம்பம், குறுக்கே ஓர் உத்தரம், மேலே கூம்பாக இரண்டு சாய்மரம். இதுதான் ஒரு சட்டகம். அந்தக் காலத்துத் தச்சர்கள் இவற்றை வீடு வரும் இடத்தில் செய்யவில்லை. பட்டறைத் தரையில் படுக்கப் போட்டு, ஒவ்வொரு பொருத்தையும் கையால் செதுக்கி, சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். கையால் செதுக்கியதால் ஒரு துளையில் அதற்கென்று செதுக்கிய மரம்தான் நுழையும். மாறிப் போகாமலிருக்க, பிரிக்கும் முன் உளியால் எண் கீறி வைத்தார்கள். முதல் சட்டகத்துக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு.

பேக்கர்ஸ் காட்டேஜில் மூன்று கோடு, நான்கு கோடு, பிறகு ரோமானிய ஐந்து, ஆறு. நடுவில் எதுவும் விடுபடவில்லை. தொடக்கம் மட்டும் இல்லை. மென்பொருள் சட்டகங்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்திருந்தது. மரத்தில் இருந்ததோ மூன்று முதல் ஆறு வரை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று வரைபடம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது.

திருப்பியவர் பட்டாபி. வரைபடங்களைச் சரிபார்த்து அனுப்புகிறவர். கொல்கத்தாவில் தமிழர்கள் அதிகம் வாழும் லேக் மார்க்கெட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். சனிக்கிழமை மத்தியானம் டீயும் கையுமாக அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, இங்கிலாந்துல ரெண்டு தூண் இன்னும் தொலைஞ்சேதான் கிடக்கா?"

"தொலையல ஸார். அங்க இல்லவே இல்ல."

"அப்போ நீ தப்பாப் படிச்சிருக்கே."

"பெரிசு பண்ணிப் பாருங்கோ. மூணு கோடு பளிச்னு இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். கோடுகள் இருந்தன. "ஆரே பாபா, எவனோ ஒரு தச்சன் குடிச்சுட்டு ரெண்டு கோடு கூடக் கீறியிருப்பான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு மாத்தி அனுப்பு. யார் ஏணி வெச்சு ஏறிப் பார்க்கப் போறா?"

"அந்த ஊர்க்காரா பார்ப்பா ஸார். அவா வீடுதானே."

பட்டாபி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "மூணாவது தடவை திரும்பினா என்னன்னு உனக்குத் தெரியும். என் கையில ஒண்ணும் இல்ல. திங்கட்கிழமை பத்து மணிக்கு வேணும்."

அவளுக்குத் தெரியும். ஒரே வரைபடம் மூன்று முறை திரும்பினால் வரைந்தவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை. அவளுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. கணவன் ஸ்ரீநாத்துக்குத் துறைமுகத்தில் வேலை. அவனுடைய மாற்றலுக்காக விசாகப்பட்டினத்தில் ஒரு வேலையை விட்டாள், பாராதீப்பில் இன்னொன்றை. இந்த வேலையைத்தான் முதல் முறையாக, இது தனக்கு வருகிறது என்ற நிச்சயத்தோடு செய்துகொண்டிருந்தாள். நான்கு எண்களை மாற்ற நான்கு விநாடி போதும். விசைப்பலகைமேல் விரலை வைத்தாள். எடுத்தாள். வீடு வரும்வரை பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மகாளய அமாவாசை. கொலுப்படி கட்ட வேண்டிய நாள். பாராதீப் குவார்ட்டர்ஸில் ஏழு படி வைப்பார்கள். இப்போது குடியிருக்கும் லேக் மார்க்கெட் ஃப்ளாட்டில் மேல் இரண்டு படியைப் போட்டால் கூடத்து ஜன்னல் மறைந்துவிடும். அதனால் ஐந்து போதும் என்று ஸ்ரீநாத் சொல்லிவிட்டான். அமலா பலகையை எடுத்துக் கொடுத்தாளே தவிர, மனம் அங்கே இல்லை. இரண்டு முறை தப்பான பலகையை நீட்டினாள்.

"அம்மா தாயே, அது ஆறு. நான் கேட்டது அஞ்சு. முதுகுல போட்டிருக்கு பாரு."

எதிர் ஃப்ளாட் வங்காள அண்ணி, மேக்னா பௌதி, வேடிக்கை பார்க்க வந்திருந்தவள், தானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். படிகள் நின்றதும் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பலகைகளில் தச்சர் மேலிருந்து கீழாகச் செதுக்கிய எண்கள்: மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.

"ஓ மா! எக் ஆர் துய் கோதாய் கேலோ?" ஒன்றும் இரண்டும் எங்கே போயிற்று என்று அவள் நிஜமாகவே கவலைப்பட்டாள்.

"பாராந்தாய், பௌதி," என்றான் ஸ்ரீநாத், வராந்தாக் கதவைக் காட்டி.

"இந்த ஓட்டை?" மூன்றாம் பலகையின் பின் விளிம்பில் இரண்டு வெற்றுத் துளைகளை மேக்னா தொட்டாள்.

"அது ரெண்டாம் படியோட போல்ட் வர்ற இடம்," என்று ஸ்ரீநாத், அதற்கு வங்காளி வராமல், தமிழிலேயே சொன்னான்.

அமலா அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையிலிருந்த வெள்ளை வேஷ்டியை அவன் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"ஏய், நாலரைக்கு ராகு காலம்! விரிச்சுட்டுப் போ!"

மடிக்கணினியைத் திறந்தாள். பேக்கர்ஸ் காட்டேஜை ஒட்டி நிற்பது ஸ்வான் காட்டேஜ். செங்கல் முகப்பு, வாசல்மேல் 1790 என்று ஒரு கல். அவள் குழுவிலிருந்த ஷ்யாம் வரைந்து, பட்டாபி சரிபார்த்து, போன வாரமே போய்விட்ட வரைபடம். அதில் பரண் கிடையாது, யாரும் கேட்கவில்லை. ஆனால் அளந்தவர்கள் பரணிலும் கருவியை வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளிகள் கோப்பில் கிடந்தன. அவள் திரையில் பரணைக் கிடையாக வெட்டிப் பார்த்தாள். முதலில் ஒட்டடையும் பழைய பெட்டிகளும். இங்கேயும் இல்லாவிட்டால் நாளை பத்து மணிக்கு எண்ணை மாற்றத்தான் வேண்டும் என்று நினைத்தாள்.

பெட்டிகளுக்குப் பின்னால் ஓர் உத்தரம். அதில் இரண்டு கோடு. அதற்கும் அப்பால், கடைசிச் சுவரில் இன்னோர் உத்தரம். ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே பதினொரு அடி. பேக்கர்ஸ் காட்டேஜிலும் சட்டகத்துக்குச் சட்டகம் பதினொரு அடிதான். இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில், மூன்றாம் சட்டகத்தின் மறுமுகம் தெரிந்தது. அதன் துளைகள் காலியாக இல்லை. இரண்டாம் சட்டகத்திலிருந்து வந்த சாய்வு முட்டுகள் அவற்றில் மர ஆணியோடு உட்கார்ந்திருந்தன.

கூடத்திலிருந்து ஸ்ரீநாத் மறுபடி கூப்பிட்டான். "வரேன்," என்றாள். அவள் வரைபடம் சரியென்றால், பட்டாபி சரிபார்த்து அனுப்பியது தப்பு. அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை. படங்களை இணைத்து அவருக்கு எழுதினாள்:

"ஸார், எண்கள் சரி. அவற்றை மாற்றக் கூடாது. பேக்கர்ஸ் காட்டேஜும் ஸ்வான் காட்டேஜும் முதலில் ஆறு சட்டகம் கொண்ட ஒரே வீடாகக் கட்டப்பட்டவை. பின்னால் மூன்றாம் சட்டகத்தில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். செங்கல் முகப்பு பிறகு ஒட்டியது. ஒன்றும் இரண்டும் ஸ்வான் காட்டேஜின் பரணில் இருக்கின்றன. அனுப்பிய ஸ்வான் வரைபடத்தைத் திரும்பப் பெற்று, இரண்டு வீட்டையும் ஒரே தாளில், ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு வரைய வேண்டும். அப்போது எல்லா எண்ணும் பொருந்தும்."