பட்டியலில் இருந்த ஒரே பல் டாக்டர்

1.

இது நான் யோசித்த கதை இல்லை. மின்னசோட்டாவில், டூ ஹார்பர்ஸ் ஊருக்கு மேலே உள்ள சின்ன ஏரியில், உறைபனியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தபோது நண்பன் லைல் சொன்னது. மீன் எதுவும் கடிக்காததால் மனைவி மார்னியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நான் முதலில் இப்படித் தொடங்கினேன்:

பல் டாக்டர் மார்னி ஹெல்கெசனின் கடைவாய்ப்பல், இன்றைய மருத்துவத்தின் அவலத்தைப் போல மெல்ல...

வேண்டாம். பல் பல்லாகவே இருக்கட்டும்.

2.

மார்னி சோளப்பொரி தின்றாள். பொரியாத ஒரு மணி அகப்பட்டது. பல் விரிசல் விட்டது.

லைல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். அவன் வேலையோடு வந்த காப்பீடுதான் குடும்பத்துக்கு. எந்த டாக்டரிடம் போகவேண்டும், என்ன வைத்தியம் செய்துகொள்ளலாம் என்பதையெல்லாம் காப்பீட்டுக் கம்பெனிதான் சொல்லும். மார்னி போன் போட்டாள். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகத் தேடிச் சொன்னாள்.

"உங்க ஊர்ல எங்க பட்டியல்ல ஒரே ஒரு டாக்டர்தான் மேடம். மார்னி ஹெல்கெசன்."

"அது நான்தாம்மா."

"அப்ப வசதியாப் போச்சு மேடம். அப்பாயின்ட்மென்ட் போட்டுடவா?"

3.

(இங்கே மார்னியைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டப் பார்த்தேன். லைலே ஒத்துக்கொள்ளவில்லை.)

பட்டியலில் அடுத்த பெயர், கொஞ்சம் தள்ளி சில்வர் பே என்ற ஊரில் இருக்கும் பல் டாக்டர் ரோலி கிவெலா. கூடப் படித்தவன். கம்பெனியோடு முதலில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். பட்டியலில் சேர்ந்த டாக்டருக்கு, நோயாளி தலைக்கு இவ்வளவு என்று கம்பெனிப் பணம் மாதாமாதம் வந்துவிடும். ஆள் வந்தால் செலவு, வராவிட்டால் லாபம். 'நோயாளி வரக்கூடாதுன்னு ஜெபம் பண்ற டாக்டர்' என்று பல் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மார்னி அவனைக் கிண்டலடித்தாள். மறுவருஷமே அவளுடைய நோயாளிகள், கம்பெனிப் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்து அவனிடம் போய்விட, அவளும் கையெழுத்துப் போட்டாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"பல்லு வலிக்குதா, மானம் வலிக்குதா? முதல்ல அதச் சொல்லு" என்றான் லைல்.

"ரெண்டுந்தான்" என்று காரில் ஏறினாள்.

4.

ரோலி படம் எடுத்துப் பார்த்தான். ரூட் கெனால் செய்து, மேலே உறை போட்டால் பல் பிழைக்கும். கம்பெனியைக் கேட்டான். பிடுங்க உடனே அனுமதி கிடைத்தது. காப்பாற்றத்தான் கிடைக்கவில்லை.

[ரோலி இங்கே வில்லன் மாதிரிச் சிரிக்கிறான் என்று எழுதி அடித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லையாம்.]

மரத்துப்போக ஊசி போட்டான். வாயின் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்தான். பிறகுதான் பேசினான்.

"பிடுங்கினா கம்பெனி குடுக்கும். காப்பாத்தணும்னா நான் சும்மா செய்யணும். செய்றேன் மார்னி. ஆனா அன்னிக்குக் கூட்டத்துல சொன்னியே, அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

5.

இருவரும் கட்டிப்பிடித்து அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். வடக்கு மின்னசோட்டாவில் அப்படியெல்லாம் நடக்காது. அவள் எழுந்து வெளியே போய்விடுவதாக இன்னொன்று எழுதினேன். ஆனால் அந்த நாற்காலியைச் சாய்த்து வைத்திருந்தான், எழுந்திருப்பது சுலபமில்லை.

முடிவில் நடந்தது என்னவென்று லைலுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் சூப்தான் குடித்தாள். பல்லைப் பிடுங்கினாலும் காப்பாற்றினாலும் அதுதான் சாப்பாடு. வாயைத் திறந்து காட்டச் சொன்னதற்கு முறைத்தாளாம்.

ஆகவே, அவள் லைலிடம் சொன்னவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பஞ்சு அடைத்த வாயால் மார்னி ஏதோ சொன்னாள். "ஆ... ஆ..." என்றுதான் கேட்டது. பல் டாக்டர்களுக்கு அந்தப் பாஷை புரியும். ரோலி தலையாட்டிவிட்டுத் தட்டில் கையை விட்டு ஒரு கருவியை எடுத்தான்.

பிடுங்குகிற குறடா, காப்பாற்றுகிற கருவியா, எதை எடுத்தான் என்று நீங்கள் சொல்லுங்கள்.